திரு. போ இருமிக்கொண்டே இருக்கிறார்

2000-களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் பள்ளிக்குப் போனவர்களிடம் 'எ சீரிஸ் ஆஃப் அன்ஃபார்ச்சுனேட் ஈவன்ட்ஸ்' புத்தக வரிசை நினைவிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். முதலில் வாயில் வருவது கவுண்ட் ஓலாஃபின் பெயராகத்தான் இருக்கும். ஒற்றைப் புருவம், கணுக்காலில் கண் வடிவப் பச்சை, புத்தகத்துக்கொரு வேடம். பயமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும். வயது முப்பதைத் தாண்டி, வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகள் என்று ஆனபிறகு அதே புத்தகங்களை எடுத்தால் ஓலாஃப் கொஞ்சம் மங்கிப்போகிறான். அவன் இடத்தில் வந்து நிற்பவர் ஒரு வங்கி அதிகாரி. வெள்ளைக் கைக்குட்டையில் ஓயாமல் இருமுபவர், நல்லவர், கடமை தவறாதவர். பெயர் திரு. போ.

ஓலாஃப் ஒவ்வொரு தடவையும் எப்படி உள்ளே நுழைகிறான், அவனுக்குக் கதவைத் திறந்துவிடுவது யார் என்று கவனித்துப் படித்தால் இது வில்லனைப் பற்றிய கதையாகவே தெரியாது. கதவைத் திறந்துவிடும் கண்ணியவான்களைப் பற்றிய கதையாகத் தெரியும்.

படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 13 புத்தகங்கள், ஒவ்வொன்றிலும் 13 அத்தியாயங்கள். முதலாவது 1999 செப்டம்பரில் வந்தது; கடைசியை வேண்டுமென்றே 2006 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை வெளியிட்டார்கள். 14 வயது வயலெட் கருவிகள் செய்பவள். 12 வயது கிளவுஸ் புத்தகப் புழு. சன்னி பல் மட்டும் நன்றாக முளைத்த கைக்குழந்தை. போதலேர் குடும்பத்துப் பிள்ளைகள். வீடும் பெற்றோரும் தீயில் போக, பெரிய சொத்து மட்டும் மிஞ்சுகிறது. வயலெட்டுக்கு உரிய வயது வரும்வரை அதைத் தொட முடியாது. அந்தச் சொத்துக்காக ஓலாஃப் துரத்துகிறான். ஒரு பாதுகாவலர் வீடு, வேடம் போட்டுக்கொண்டு ஓலாஃப் வருகை, பிள்ளைகள் அடையாளம் கண்டு கத்துவது, யாரும் நம்பாதது, ஒரு சாவு அல்லது சாவுக்குச் சமமான ஏதோ ஒன்று, அடுத்த வீடு. ஏறக்குறைய முதல் ஏழு புத்தகங்களும் இந்தத் தடத்தில்தான் ஓடுகின்றன.

எழுதியவர் சான் ஃபிரான்சிஸ்கோக்காரரான டேனியல் ஹேண்ட்லர். அட்டையில் இருக்கும் லெமனி ஸ்னிக்கெட் என்ற பெயர் இந்த வரிசைக்காகப் பிறந்ததல்ல. பெரியவர்களுக்கான தன் முதல் நாவலுக்குத் தகவல் திரட்டும்போது, தீவிர வலதுசாரி அமைப்புகளிடமிருந்து துண்டுப் பிரசுரங்களை வரவழைக்க வேண்டியிருந்தது. சொந்தப் பெயரைக் கொடுக்க மனமில்லாமல் அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொன்னாராம். பிறகு சூசன் ரிச் என்ற பதிப்பாசிரியர் குழந்தைகளுக்கு எழுதச் சொன்னபோது அந்தப் பெயர் கதைசொல்லியாகவே மாறிவிட்டது. ஸ்னிக்கெட் கதைக்குள் தலைமறைவாகத் திரிபவர். இறந்துபோன பியாட்ரிஸ் என்ற காதலிக்கு ஒவ்வொரு புத்தகத்தையும் காணிக்கையாக்குபவர். தயவுசெய்து இதை மூடி வைத்துவிட்டு வேறு எதையாவது படியுங்கள் என்று வாசகரிடம் கெஞ்சுபவர். எந்தப் பிள்ளை அதைக் கேட்டு மூடி வைக்கும்?

முதல் புத்தகத்தில் சற்று நிதானிக்க வேண்டும். பின்னால் வருவது அத்தனைக்கும் விதை அங்கேதான் இருக்கிறது.

கடற்கரையில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம் போ வந்து, பெற்றோர் தீயில் மாண்டுவிட்டார்கள் என்கிறார். பிள்ளைகள் உறைந்து நிற்கும்போதே, மாள்வது என்றால் இறப்பது என்று பொருளும் சொல்கிறார். அது எங்களுக்குத் தெரியும் என்று எரிச்சலோடு சொல்கிறான் கிளவுஸ். பத்து வயதில் இது வேடிக்கையாக இருந்தது. துக்க வீட்டில் என்ன பேசுவதென்று தெரியாமல் நின்ற அனுபவம் வந்தபிறகு படித்தால், போவின் சங்கடமும் புரிகிறது, அது அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு உதவாதது என்பதும் புரிகிறது.

பெற்றோரின் உயில், பிள்ளைகளை ஒரு சொந்தக்காரர் வளர்க்க வேண்டும், ஆகக் குறைந்த சிரமத்தோடு ஏற்பாடு நடக்க வேண்டும் என்கிறது. போ ஓலாஃபைத் தேர்ந்தெடுக்கிறார். அவன் மூன்றுவிட்ட சொந்தமா நான்குவிட்ட சொந்தமா என்று போவுக்கே தெளிவில்லை. ஆனால் இருப்பதற்குள் பக்கத்தில் குடியிருப்பவன் அவன்தான். நெருங்கிய உறவு என்பதைத் தூரக் கணக்காகப் படித்துவிட்டார் மனுஷன். ஓலாஃப் கிளவுஸை அறைந்தபிறகு பிள்ளைகள் வங்கிக்கே போய் முறையிடுகிறார்கள். போ ஒரு லத்தீன் சட்டத் தொடரை எடுத்து விளக்குகிறார்: பாதுகாவலர் பெற்றோர் இடத்தில் இருப்பவர், அவருக்குச் சரியென்று பட்டபடி வளர்க்கலாம். விளக்கம் முடிந்ததும் வேலை இருக்கிறது என்று அனுப்பிவிடுகிறார்.

அப்புறம் அந்த நாடகம். ஓலாஃப் மேடையில் ஒரு கல்யாணக் காட்சி வைக்கிறான். மணமகள் வயலெட். நீதிபதி வேடத்துக்குப் பக்கத்து வீட்டு உண்மையான நீதிபதி, ஜஸ்டிஸ் ஸ்ட்ராஸ். உரிய வாசகங்களைச் சொல்லி, மணப்பெண் தன் கைப்பட ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால், நாடகம் நிஜமாகிச் சொத்து ஓலாஃபுக்குப் போய்விடும். மறுத்தால் கோபுரத்தில் கூண்டில் தொங்கும் சன்னி கீழே விழுவாள். வலக்கைக்காரியான வயலெட் இடக்கையால் கையெழுத்துப் போட்டுத் தப்புகிறாள். 'தன் கைப்பட' என்றால் வழக்கமாக எழுதும் கை என்று வாதாடுகிறாள், நீதிபதியும் ஒத்துக்கொள்கிறார். சட்டத்தின் எழுத்து ஒரு குழந்தையைக் காப்பாற்றுகிறது. இரண்டு பக்கம் தள்ளி அதே எழுத்து திரும்பக் கடிக்கிறது. பிள்ளைகளை நானே வளர்க்கிறேன் என்கிறார் ஸ்ட்ராஸ். பிள்ளைகளுக்கும் அதுதான் ஆசை. உயிலில் சொந்தக்காரர் என்று இருக்கிறதே என்று போ மறுத்துவிடுகிறார்.

சிங்கப்பூரில் இந்தக் கல்யாணத் திட்டம் மேடைக்கே வந்திருக்காது. முஸ்லிம் அல்லாதோர் திருமணங்களை ஆளும் மாதர் சாசனத்தின்படி, 18 வயதுக்குக் கீழே இருந்தால் அமைச்சரின் சிறப்பு உரிமம் இல்லாமல் பதிவுத் திருமணம் செல்லாது; 21 ஆகும்வரை பெற்றோர் சம்மதமும் வேண்டும். பெற்றோர் உயிலில் பாதுகாவலரைப் பெயர் சொல்லி நியமிக்கலாம். தகராறு நீதிமன்றத்துக்குப் போனால் பிள்ளையின் நலன்தான் முதலும் முதன்மையுமான அளவுகோல் என்று சிறார் பாதுகாவலர் சட்டம் சொல்கிறது. மத்திய சேமநிதிப் பணத்துக்கு நியமிக்கப்பட்டவர் 18 வயதை எட்டாதவர் என்றால் அந்தப் பணம் பொது அறங்காவலரிடம் போய்விடும். ஓலாஃப் இங்கே பிழைப்பது கஷ்டம்.

போவுக்கு மட்டும் எந்தக் கஷ்டமும் இருந்திருக்காது. அவர் ஒரு விதியையும் மீறவில்லை. படிவம் முறையாக நிரப்பப்பட்டிருக்கிறதா, முகவரி சரியா, வாரிசுப் பத்திரம் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகத்தை மட்டும் பார்க்காமல் விடும் ஆள். அப்படி ஒருவரை முகப்புகளில் சந்திக்காதவர்கள் இந்த ஊரில் குறைவு. முகப்புக்கு அந்தப் பக்கம் உட்காரும் நாளில் நாமும் அப்படித்தான் இருக்கிறோம்.

பெரியவர்கள் கேட்காமல் போவதிலும் ஹேண்ட்லர் விதவிதமாகக் காட்டுகிறார். இரண்டாவது புத்தகத்தில் வரும் மாமா மான்டி அருமையான மனிதர், பாம்பு ஆராய்ச்சியாளர். புது உதவியாளன் மோசமானவன் என்று பிள்ளைகள் சொல்வதை அவர் உண்மையிலேயே காது கொடுத்துக் கேட்கிறார், ஒத்தும்கொள்கிறார். ஆனால் தன் கண்டுபிடிப்பைத் திருட வந்த ஒற்றன் என்று புரிந்துகொள்கிறார். அவருக்கு இருந்த கவலை அது. அந்தப் புரிதலே அவர் உயிரை வாங்குகிறது. இந்த வரிசையிலேயே எனக்கு அதிகம் வலித்த இடம் இதுதான், ஏனென்றால் இங்கே குற்றம் சொல்ல ஆளில்லை.

மூன்றாவதில் அத்தை ஜோசஃபின். கதவுக் குமிழைத் தொட்டால் வெடிக்குமோ என்று பயம், அடுப்பு பற்றிக்கொள்ளுமோ என்று பயம், வீட்டு ஏஜெண்டுகள் என்றாலும் பயம். (அவர்களின் விளம்பரத் தாள்கள் குவியும் நம் புளோக் தபால்பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால் என்ன ஆகியிருப்பாரோ.) எல்லாவற்றுக்கும் நடுங்குகிறவர் கப்பல்காரன் வேடத்தில் வந்த ஓலாஃபுக்கு மட்டும் பயப்படவில்லை. அவனிடம்தான் தொழில் அட்டை இருக்கிறதே! அதில் எழுத்துப்பிழை இருப்பதைப் பார்த்துத்தான் ஜோசஃபின் முகம் சுளிக்கிறார். நான்காவதில் மரம் அறுக்கும் ஆலை. தொழிலாளர்களுக்குக் கூலி கூப்பன், மதியச் சாப்பாடு சுயிங்கம். மலாயா ரப்பர்த் தோட்டத்துக் கங்காணிக் காலத்தைத் தாத்தா பாட்டி வாயால் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ஆலை அவ்வளவு கற்பனையாகத் தெரியாது. ஆனாலும் புத்தகம் சுமார்தான். மனோவசியத்தை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்.

ஐந்தாவதுதான் சிங்கப்பூர்க்காரர்கள் வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டியது. ஓர் ஆசிரியர் வாழைப்பழம் தின்றுகொண்டே சின்னச் சின்னக் கதை சொல்வார். அதிலுள்ள விவரங்களுக்குத் தேர்வு. இன்னொருவர் கண்ணில் பட்டதையெல்லாம் அளக்கச் சொல்வார். அந்த அளவுகளுக்குத் தேர்வு. துணைத் தலைமையாசிரியர் தினமும் ஆறு மணி நேரம் அபஸ்வரமாக வயலின் வாசிப்பார். வராத மாணவர் ஒரு பை மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர் தின்பதை நின்று பார்க்க வேண்டும். குழந்தை சன்னிக்கு வகுப்பு இல்லை என்பதால் அலுவலக உதவியாளர் வேலை. ஓலாஃப் உள்ளே வராமல் தடுக்க நவீனக் கணினி ஒன்று இருக்கிறது. விளையாட்டுப் பயிற்றுநர் வேடத்தில் அவன் அதன் எதிரிலேயே நிற்கிறான். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்காக விடிய விடியப் படித்துத் துணைப்பாட வகுப்புகளுக்கு ஓடிய ஒரு பிள்ளைக்கு, பள்ளியை இப்படிக் கேலி செய்யலாம் என்று யாராவது அச்சில் காட்டியது எவ்வளவு பெரிய விடுதலை!

ஆறாவதில் 66 மாடிக் கட்டடம். மின்தூக்கி நாகரிகமில்லை என்று ஆகிவிட்டதால் எல்லாரும் படியேறுகிறார்கள். இந்தப் புத்தகம் வந்தது 2001. அதே ஆண்டுதான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பழைய புளோக்குகளில் எல்லா மாடியிலும் மின்தூக்கி நிற்கும்படி மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவரை சில மாடிகளில் மட்டும் நிற்கும் மின்தூக்கியிலிருந்து இறங்கி, அரிசி மூட்டையோடு மிச்சப் படிகளை ஏறிய வீடுகளில் இந்த நகைச்சுவை வேறு விதமாகத்தான் கேட்டிருக்கும். எட்டாவதில் ஒரு மருத்துவமனை. அங்கே நோயைக் குணப்படுத்துவதைவிட முக்கியமான வேலை காகிதங்களைக் கோப்பில் போடுவது. தொண்டூழியர்கள் இதய வடிவ பலூனைக் கொடுத்து உற்சாகப் பாட்டுப் பாடுவார்கள். தண்ணீர் கேட்கும் நோயாளிக்கும் பலூன்தான்.

இதையெல்லாம் சிரிப்பாகச் சொல்ல வேண்டிய தேவை என்ன? குழந்தைகளுக்கு இருட்டான கதை சொல்வது தமிழுக்குப் புதிதில்லை. பஞ்சம் பிழைக்க அண்ணன் வீட்டுக்குப் போய், அண்ணியால் அவமானப்பட்டு, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்த நல்லதங்காள் கதையைப் பாட்டிகள் பேரப்பிள்ளைகள் முன்னால்தான் சொன்னார்கள். அரிச்சந்திரன் கதையில் பாம்பு கடித்துச் செத்த மகனின் உடலுக்குச் சுடுகாட்டுக் கூலி கேட்பது அப்பனே. அவை அழவைக்கிற கதைகள். கேட்டு முடிக்கையில் யார் குற்றவாளி, யார் உத்தமி என்பதில் சந்தேகம் இருக்காது. பள்ளிக்கூடத் தமிழ்ப் புத்தகங்கள் அந்த அழுகையையும் எடுத்துவிட்டு நன்னெறியை மட்டும் வைத்துக்கொண்டன. அதனால்தான் தமிழ் வீடுகளிலும் ஆங்கிலத்தில் இந்த மாதிரி ஒன்று கிடைத்ததும் பிள்ளைகள் அள்ளிக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஸ்னிக்கெட்டின் சிரிப்பு செய்கிற வேலை வேறு. பெரியவர்கள் பேசும் விதத்தை அது பிரித்துக் காட்டுகிறது. கதை நடுவே நிறுத்திச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் அவர் வழக்கம் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆனால் அவர் சொல்லும் பொருள் அகராதியில் இருக்காது. இந்த மனிதர் இந்த இடத்தில் அதைச் சொல்லி எதை மறைக்கப் பார்த்தார் என்பதைத்தான் சொல்வார். பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, பெரியவர் பேச்சை எதிர்த்துப் பேசாமலே எடைபோடும் வித்தை இது. மரியாதைக் குறைவு எங்கும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். போதலேர் பிள்ளைகள் கடைசிவரை 'திரு. போ' என்றுதான் அழைக்கிறார்கள்.

சின்ன வயதில் பிடிபடாத இன்னொரு அடுக்கும் உண்டு. போதலேர் பிரெஞ்சுக் கவிஞர் பெயர். போவின் மகன்கள் எட்கர், ஆல்பர்ட்; எட்கர் ஆலன் போ என்ற அமெரிக்க எழுத்தாளரை நினைவூட்டும் பெயர்கள். ஐந்தாவதில் வரும் பள்ளியின் பெயர், புரூஃப்ராக், டி.எஸ். எலியட்டின் கவிதையிலிருந்து. பிள்ளைகளின் நண்பர்கள் டங்கனும் இசடோராவும் சேர்ந்தால் ஒரு நடனக் கலைஞர். சன்னியின் மழலை இன்னும் குறும்பு: பத்தாவதில், யாரைப் பற்றியும் கவலைப்படாத தீயவன் என்று ஓலாஃபைத் திட்ட அவள் சொல்வது 'புஷேனி'. 2003-இல் வந்த புத்தகம்; ஈராக்கில் போர் தொடங்கிய ஆண்டு. அன்றைய அமெரிக்க அதிபர் புஷ்ஷையும் துணை அதிபர் செனியையும் ஒட்டவைத்த சொல் அது. குழந்தைக்கு வெறும் உளறல்.

ஏழாவது புத்தகத்துக்குப் பிறகு கதை தன் சொந்தத் தடத்தையே உடைக்கிறது. பிள்ளைகள் கொலைப்பழி சுமந்து ஓடுகிறார்கள், போ பின்னுக்குப் போகிறார். பிழைக்க வேண்டும் என்பதற்காக வேடம் போடுகிறார்கள், பொய் சொல்கிறார்கள், சாவி திருடுகிறார்கள்; ஒன்பதாவதில் ஒரு பொருட்காட்சி எரிவதில் அவர்கள் கையும் இருக்கிறது; பத்தாவதில் ஆளைச் சிறைபிடிக்கக் குழி தோண்டிவிட்டு மனசு கேட்காமல் பின்வாங்குகிறார்கள். இதெல்லாம் ஓலாஃப் செய்ததுதானே என்று அவர்களே கேட்டுக்கொள்கிறார்கள். சொந்தப் பெற்றோருக்கும் ஒரு சாவில் பங்கு உண்டு என்று மெல்லத் தெரிய வருகிறது. பன்னிரண்டாவதில் நடக்கும் விசாரணை அற்புதம்: நீதி கண் கட்டிக்கொண்டிருக்கும் என்பதை அப்படியே எடுத்துக்கொண்டு, மண்டபத்தில் உள்ள எல்லாரும் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர் ஓலாஃபின் கூட்டாளிகள் என்பதை யார் பார்ப்பது? மூன்றாமவர் ஸ்ட்ராஸ். அவரும் விதிப்படி கண்ணைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த விசாரணை நடப்பது ஒரு தங்கும் விடுதியில். அதன் அறைகள் நூலகத்தின் டூயி எண் முறைப்படி அமைந்தவை. 954 எண் அறையில் இந்திய உணவகம், ஏனென்றால் அந்த முறையில் 954 இந்திய வரலாறு. நம் நூலகங்களிலும் அதே எண்தான். தமிழ் இலக்கியம் 894.811-இல் இருக்கும். இந்த வரிசை முழுக்க பிள்ளைகளுக்குக் கைகொடுப்பது நூலகங்கள்தான்: ஸ்ட்ராஸ் வீட்டுச் சட்டப் புத்தகங்கள், மான்டியின் பாம்புப் புத்தகங்கள், ஆலையில் வெறும் மூன்றே மூன்று. பத்தாவதற்கும் பதினொன்றாவதற்கும் இடையில், 2004 மார்ச் கடைசியில், ஸ்டாம்ஃபர்ட் சாலையிலிருந்த நம் செங்கல் நூலகம் மூடப்பட்டது. சுரங்கச் சாலை வருவதற்காக இடித்தார்கள். வேண்டாம் என்று பலர் சொன்னார்கள், எழுதினார்கள். எல்லாம் முறைப்படிதான் நடந்தது. மறு ஆண்டு விக்டோரியா ஸ்திரீட்டில் புதியது வந்துவிட்டது, பெரியது, வசதியானது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை. எல்லாரும் தேடி அலைந்த சர்க்கரைக் கிண்ணத்தில் என்ன இருந்தது என்று புத்தகம் சொல்லவே இல்லை. 2017 முதல் 2019 வரை வந்த நெட்ஃபிலிக்ஸ் தொடர் சொல்லிவிட்டது. சொல்லியிருக்க வேண்டாம் என்பது என் கட்சி. பன்னிரண்டு புத்தகங்களாக, கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு எல்லாம் தெரியும் என்ற பெரியவர்களைக் கேலி செய்துவிட்டு, பதின்மூன்றாவதில் கதைசொல்லி மட்டும் எல்லாம் தெரிந்தவராக வந்து நின்றால் அது பொருந்துமா? தொடர் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, 2004-இல் ஜிம் கேரி நடித்த படத்தைவிட எவ்வளவோ மேல். இரண்டிலும் ஓலாஃபாக நடிப்பவர்தான் நட்சத்திரம் என்பதால் போவுக்குக் கிடைக்க வேண்டிய கனம் கிடைக்கவில்லை.

மறுபடி படிக்க நினைப்பவர்கள் பதின்மூன்றையும் வரிசையாகப் படிக்க வேண்டிய கட்டாயமில்லை. முதல் மூன்று, ஐந்து, எட்டு, பன்னிரண்டு, பதின்மூன்று போதும். நான்கைத் தாராளமாக விடலாம், ஏழில் காக்கைகளுக்காக மட்டும் ஓரிரு அத்தியாயம். வீட்டில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை இருந்தால் அவர்களையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். போ இருமும் இடங்களில் நீங்கள் இருமலாம்.